கப்பலில் கொடுத்த பெட்டி எங்கே போகிறது? ஒரு குடும்பப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

விமான நிலையத்தில் நாம் ஒப்படைக்கும் பெட்டி விமானத்தின் அடிப்பகுதியில் கிடந்து, ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் மறுபடியும் நம் கைக்கு வருகிறது. உல்லாசக் கப்பலில் ஒப்படைக்கும் பெட்டியோ அன்றிரவே நாம் தூங்கும் அறைக்கு வந்துவிடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. விமானப் பயணத்தில் பழகிய குடும்பங்கள், அதே பழக்கத்தில் கப்பலுக்கும் பெட்டி கட்டுகின்றன. கீழே எழுதியிருக்கும் நிகழ்வில் சிக்கல் தொடங்கிய இடம் அதுதான்.

திருச்சியிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் நான்கு இரவுக் கப்பலில் என் அக்கா குடும்பம் பயணம் செய்தது. அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், அத்தானின் அம்மா என்று ஐந்து பேர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நான் கப்பல் முனையத்தில் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவருடைய இன்சுலின் பல மணி நேரம் யாருக்கும் தெரியாத ஓர் அறையில் கிடந்த கதை இது. வயதான பெற்றோரை ஆசையோடு கப்பலுக்கு அழைத்து வரும் குடும்பங்கள் கூடிக்கொண்டிருக்கும் நேரத்தில், இது இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

நடந்தது

திருச்சியில் பெட்டி கட்டும்போது எல்லாம் சரியாகவே இருந்தது. அத்தையின் இன்சுலின் பேனா, ஊசி முனைகள், இரத்த அழுத்த மாத்திரை, மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் அக்கா தன் கைப்பையில் வைத்திருந்தாள். விமானத்தின் சரக்கு அறையில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகக்கூடும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். சிங்கப்பூர் ஹோட்டலில் ஓர் இரவு தங்கினார்கள். அங்கேதான் மாற்றம் நடந்தது. கைப்பை கனக்கிறது, கப்பலில் எடை போட மாட்டார்கள், எதற்குத் தோளில் சுமக்க வேண்டும் என்று மருந்துப் பையை அப்படியே பெரிய பச்சைப் பெட்டிக்குள் வைத்தார்கள். அதே பெட்டியில் ஒரு மின்சாரக் கெட்டில், ஆறு பிளக் போடக்கூடிய ஸ்பைக் பஸ்டர், பழம் நறுக்க ஒரு கத்தி, அத்தையின் பூஜைக்குச் சூடம், ஊதுபத்தி, தீப்பெட்டி. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. அத்தைக்கு அதிகாலையில் வெந்நீர் வேண்டும். ஐந்து பேருக்கும் போன் சார்ஜ் ஏற வேண்டும். விளக்கு ஏற்ற முடியாவிட்டாலும் ஒரு துண்டுச் சூடமாவது காட்டாமல் அவர் காலை ஆகாரம் தொடமாட்டார்.

நண்பகலுக்குச் சற்று முன் டாக்சி முனைய வாசலில் நின்றது. போர்ட்டர்கள் ஐந்து பெட்டிகளையும் வாங்கிக்கொண்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டிகள் உள்ளே போயிருந்தன. பாஸ்போர்ட்டுகள் நல்லவேளையாக அத்தானின் சட்டைப்பையில் இருந்தன. பதிவு, குடிநுழைவு, பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடித்து இரண்டு மணிக்குள் கப்பலில் ஏறிவிட்டோம்.

நான்கு மணி வாக்கில் மூன்று பெட்டிகள் அறை வாசலுக்கு வந்தன. பச்சைப் பெட்டியும் பிள்ளைகளின் நீலப் பெட்டியும் வரவில்லை. கப்பல் கிளம்பியது. ஆறு மணிக்கு அக்கா வரவேற்பு மேசையில் கேட்டபோது, "இரவு ஒன்பது வரை பெட்டிகள் வந்துகொண்டிருக்கும், காத்திருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ஏழு மணிக்கு அவள் என் அறைக் கதவைத் தட்டினாள்.

"தம்பி, அத்தையின் ஊசி அந்தப் பச்சைப் பெட்டியில்தான் இருக்கிறது. அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்."

இருவரும் மறுபடியும் வரவேற்பு மேசைக்குப் போனோம். இந்த முறை, பெட்டி எப்போது வரும் என்று கேட்காமல், பாதுகாப்புப் பிரிவு நிறுத்திவைத்த பெட்டிகளில் எங்கள் அறை எண் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெண் தொலைபேசியை எடுத்துப் பேசினார். அரை நிமிடத்தில் விடை வந்தது: இருக்கிறது, நண்பகலிலிருந்தே இருக்கிறது, உரிமையாளர் வந்து திறக்க வேண்டும் என்று காத்திருக்கிறது.

பயணிகள் தளங்களுக்குக் கீழே உள்ள ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். இருபது, முப்பது பெட்டிகள் சுவரோரமாக வரிசையாக நின்றன. எங்கள் முன்னிலையில் பெட்டியைத் திறந்து, கெட்டில், ஸ்பைக் பஸ்டர், கத்தி, சூடம், ஊதுபத்தி, தீப்பெட்டி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அதிகாரி மரியாதையாகவே நடந்துகொண்டார். மருந்துப் பையைப் பார்த்ததும் அவரே முகம் மாறி, முதலில் அதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அத்தை இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடும்போது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. சர்க்கரை அளவு பார்த்தோம். ஆபத்தான எல்லைக்குப் போகவில்லை. கப்பலின் மருத்துவ அறைக்குப் போக வேண்டிய நிலை வரவில்லை.

நீலப் பெட்டி மறுநாள் காலைதான் கிடைத்தது. அதன் கதை வேறு, பிறகு சொல்கிறேன்.

பெட்டி போகும் வழி

நாலாயிரம் பேர் ஏறும் கப்பலில், ஆளுக்கொரு பெட்டி என்று வைத்தாலும் ஒரு பகலில் நாலாயிரம் பெட்டிகள் ஏற வேண்டும். அதே நாள் காலையில் முந்தைய பயணத்தின் அத்தனை பெட்டிகளும் இறங்கியிருக்கும். அதே துறையில், அதே கதவுகள் வழியாக ஒரு வாரத்துக்குத் தேவையான அரிசி, காய்கறி, இறைச்சி, குடிபானம் எல்லாம் ஏறிக்கொண்டிருக்கும். நாம் மேல்தளத்தில் மதிய உணவு சாப்பிடும் நேரத்தில் கீழே நடப்பது இதுதான்.

வாசலில் வாங்கப்படும் பெட்டி எக்ஸ்ரே கருவி வழியாகப் போகிறது. பிறகு தளம்வாரியாகப் பிரித்து, இரும்புக் கூண்டு வண்டிகளில் அடுக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கப்பலுக்குள் ஏற்றுகிறார்கள். ஊழியர்களுக்கான மின்தூக்கிகளில் அந்தந்தத் தளத்துக்குப் போய், அறை உதவியாளர்கள் வாசல்தோறும் கொண்டுவந்து வைக்கிறார்கள். இந்த வழி முழுவதிலும் பெட்டிக்கு இருக்கும் ஒரே அடையாளம் கைப்பிடியில் தொங்கும் காகிதச் சீட்டு. கப்பலின் பெயர், பயண நாள், தளம், அறை எண் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பெரும்பாலான நிறுவனங்கள் அந்தச் சீட்டை நம்மையே வீட்டில் அச்சிட்டு, மடித்து, ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டு வரச் சொல்கின்றன.

நீலப் பெட்டியின் சீட்டு சாதாரணத் தாளில் அச்சிட்டு ஒரே ஒரு பின் அடித்தது. எங்கோ கூண்டு வண்டியில் உரசிக் கிழிந்துவிட்டது. விமான நிறுவனம் ஒட்டிய நீளமான பட்டை மட்டும் இன்னும் கைப்பிடியில் இருந்தது. அதில் இருந்த பெயர் சுருக்கமும் எண்ணும் கப்பலில் யாருக்கும் உதவவில்லை. அடையாளம் தெரியாத பெட்டிகளோடு அதையும் ஒரு மூலையில் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் முதல் இரவு போட்டிருந்த உடையோடு சாப்பிட்டுத் தூங்கினார்கள். பெரிய கேடு எதுவும் இல்லை. ஆனாலும் சீட்டின் இன்னொரு பிரதியைப் பெட்டிக்குள் துணிகளுக்கு மேலே வைத்திருந்தால், திறந்தவுடன் அறை எண் தெரிந்திருக்கும். இப்போது அக்கா அச்சிட்ட சீட்டைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கம்பியால் கட்டுகிறாள். பழைய விமானப் பட்டைகளை ஹோட்டலிலேயே வெட்டி எறிந்துவிடுகிறாள்.

ஏன் நிறுத்துகிறார்கள்

இந்த நிகழ்வில் அத்தானுக்கு இருந்த கோபம் புரிந்துகொள்ளக்கூடியது. "கத்தியைக் கையிலா கொண்டுபோனோம்? கொடுத்த பெட்டியில்தானே வைத்தோம்?" என்று கேட்டார். விமான விதி அதுதான். கைப்பையில் கத்தி கூடாது, ஒப்படைக்கும் பெட்டியில் போகலாம். அங்கே பெட்டிக்கும் பயணிக்கும் நடுவே ஒரு தளமே இருக்கிறது. கப்பலில் அந்தத் தடுப்பு இல்லை. காலையில் போர்ட்டரிடம் கொடுத்த கத்தி மாலையில் நம் கட்டிலருகே இருக்கும். ஆகவே கப்பலில் கைப்பைக்கு ஒரு விதி, பெட்டிக்கு ஒரு விதி என்று இரண்டு கிடையாது.

இந்தக் கடுமைக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1985 அக்டோபரில் இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து கிளம்பிய அக்கிலே லாவுரோ என்ற பயணிகள் கப்பலில், நான்கு பேர் சாதாரணப் பயணிகளாக ஏறினார்கள். ஆயுதங்களும் அவர்களோடு கப்பலுக்குள் வந்துவிட்டன. அக்டோபர் 7 அன்று எகிப்துக் கடற்பகுதியில் கப்பலைக் கைப்பற்றினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த லியோன் கிளிங்ஹாஃபர் என்ற 69 வயது அமெரிக்கப் பயணியைச் சுட்டுக் கொன்றார்கள். அதுவரை கப்பல் பயணிகளின் உடைமைகளைச் சோதிப்பது இன்றைய அளவுக்கு யாருடைய கவனத்திலும் இல்லை. அந்தக் கொலைக்குப் பிறகுதான் சர்வதேசக் கடல்சார் அமைப்பு பயணிகள் கப்பல் பாதுகாப்புக்கு நெறிமுறைகள் வகுத்தது. கடற்பயணப் பாதுகாப்புக்கு எதிரான குற்றங்களுக்கான உடன்படிக்கை 1988 இல் ரோமில் உருவானது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் பொதுவான பாதுகாப்பு விதித்தொகுப்பு எழுதப்பட்டு, 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று நம் பெட்டி எக்ஸ்ரே கருவிக்குள் போவது அதன் கீழ்தான்.

கத்தியைவிட, கப்பல்காரர்கள் உண்மையில் அஞ்சுவது நெருப்புக்கு. நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது. இறங்கி ஓட வாசலும் இல்லை. 2006 மார்ச் 23 அன்று கரீபியன் கடலில், ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் பற்றிய தீ, பால்கனி பால்கனியாகத் தாவி மேல்தளங்களுக்கும் பக்கத்து வலயங்களுக்கும் பரவியது. ஒரு பயணி புகையால் இறந்தார். அணைக்காமல் எறிந்த ஒரு சிகரெட் துண்டு காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணை கருதியது. ஒரு சிகரெட் துண்டுக்கு அவ்வளவு சக்தி என்றால், மூடிய அறையில் சூடத்துக்கும் ஊதுபத்திக்கும் ஏன் இடமில்லை என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கெட்டில், இஸ்திரிப் பெட்டி, சிறிய அரிசி குக்கர் எல்லாம் அதே கணக்கில்தான் வருகின்றன: சூடேற்றும் கம்பி உள்ள எதுவும் அறைக்குள் கூடாது.

ஸ்பைக் பஸ்டர் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டிய விஷயம். அத்தான் அதைப் பாதுகாப்புக்காகவே வாங்கினார். நல்ல தரமான பொருள். வீட்டில் அது பாதுகாப்புதான். கப்பலில் நிலைமை வேறு. நம் வீட்டுக்கு வரும் கம்பிகளில் ஒன்றான நியூட்ரல் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பல கப்பல்களில் மின்சுற்றின் எந்தக் கம்பியையும் கப்பலின் உடலோடு இணைப்பதில்லை. எங்கோ ஒரு கம்பி பழுதாகி உடலைத் தொட்டாலும் உடனே மின்சாரம் நின்று இயந்திரங்கள் ஓய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைக்கிறார்கள். ஆனால் அத்தகைய பழுது நேரும்போது, பழுதில்லாத கம்பிகளுக்கும் கப்பல் உடலுக்கும் இடையே மின்னழுத்தம் உயர்ந்துவிடுகிறது. ஸ்பைக் பஸ்டருக்குள், கூடுதல் மின்னழுத்தத்தை எர்த் பக்கம் திருப்பிவிடும் ஒரு சிறிய பாகம் இருக்கிறது. கண்ணிமைக்கும் நேரம் எழுந்து அடங்கும் மின்னெழுச்சிக்காகச் செய்யப்பட்ட அந்தப் பாகம், விடாமல் நீடிக்கும் உயர் அழுத்தத்தில் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013 இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை அறிவிப்பு வெளியிட்டது. ராயல் கரீபியன் நிறுவனம் 2024 இல் சாதாரணப் பல்முனை பிளக்குகளையும் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பல யூஎஸ்பி முனைகள் கொண்ட சார்ஜர் ஒன்றே ஐந்து போன்களுக்குப் போதும். அதையும் அந்தந்த நிறுவனத்தின் பட்டியலில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பெட்டியை நிறுத்தியது சரி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நிறுத்தியதைச் சொல்லாமல் விட்டதுதான் தவறு. நண்பகலில் நிறுத்திய பெட்டியைப் பற்றி அறைக்கு ஒரு தொலைபேசி அழைப்போ கதவிடுக்கில் ஒரு துண்டுச் சீட்டோ வரவில்லை. வரவேற்பு மேசையில் முதல்முறை கேட்டபோது யாரும் கீழே விசாரிக்கவில்லை. பட்டியல் கப்பலிலேயே இருக்கிறது, பெட்டியில் அறை எண் இருக்கிறது, அறையில் தொலைபேசி இருக்கிறது. இந்த மூன்றையும் இணைக்க ஒரு மனிதர் தேவைப்பட்டார்; ஏழு மணி நேரம் அந்த மனிதர் இல்லை.

மருந்தும் கைப்பையும்

எடை போடாத இடத்தில் கைப்பையின் மதிப்பு குறைகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் கப்பல் ஏறும் நாளில்தான் அது கூடுகிறது. முற்பகலில் கொடுத்த பெட்டி, எந்தத் தவறும் நடக்காவிட்டாலும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வரலாம். கைப்பை என்பது அந்த அரை நாளுக்கான முழு வீடு. பாஸ்போர்ட், விசா, பயணச்சீட்டு இல்லாவிட்டால் பதிவு மேசையைத் தாண்டவே முடியாது. போர்ட்டரிடம் போன பெட்டியைத் தேடி எடுத்து வருவது எளிதல்ல. பயண நாட்கள் அனைத்துக்குமான மருந்து, அன்று மட்டும் வேண்டிய மருந்து அல்ல, மருத்துவர் சீட்டோடு கையில் இருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, நகை, பணம், குழந்தைக்கு மாற்றுடை ஆகியவையும் அப்படியே. அதற்கு மேல் சேர்த்தால் வயதானவர்கள் வரிசையில் நிற்கும்போது தோள் வலிக்கும்.

இன்சுலினைப் பற்றி இன்னும் ஒன்று. திறக்காத பேனாக்களை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். அறையில் இருக்கும் சிறிய குளிர்பெட்டி குடிபானங்களுக்கானது. பல கப்பல்களில் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. கேட்டால் மருந்துக்கான குளிர்பெட்டி தருகிறார்கள், பயன்படுத்திய ஊசி முனைகளைப் போடத் தனி டப்பாவும் தருகிறார்கள். மறுநாள் நாங்கள் கேட்டதும் இரண்டும் வந்தன. வெந்நீரும் அப்படித்தான் தீர்ந்தது: அறை உதவியாளர் தினமும் அதிகாலையில் ஒரு பிளாஸ்க் நிறையக் கொண்டுவந்து வைத்தார். பூஜைக்கு அத்தையே வழி கண்டுபிடித்தார். கிழக்குப் பார்த்த கண்ணாடி முன் நின்று, கடலிலிருந்து எழுந்த சூரியனைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட வந்தார்.

முறுக்கு, பருப்புப்பொடி, ஊறுகாய் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கடையில் வாங்கிய, உறை பிரிக்காத தின்பண்டங்களைப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன; வீட்டில் செய்த உணவுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. இறங்கும் ஊர்களில் உணவுப்பொருளைக் கரைக்குக் கொண்டுபோவது வேறு சிக்கல், அதைத் தவிர்த்துவிடுங்கள். மின்சிகரெட் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம், தாய்லாந்திலும் அதற்குத் தடை உண்டு. பெட்டியின் எந்த மூலையிலும் அதற்கு இடமில்லை.

திரும்பும் இரவு

முதல் நாள் நடந்தது கடைசி இரவில் தலைகீழாக நடக்கிறது. இரவு பத்து, பதினொரு மணிக்குள் பெட்டிகளை எண்ணோ வண்ணமோ உள்ள புதிய சீட்டுக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். விடிவதற்குள் அவை கீழே போய்விடும். காலையில் முனையத்தில் அதே எண்ணுள்ள வரிசையில் நிற்கும். எல்லாத் துணிகளையும் கட்டி வெளியே வைத்துவிட்டு, காலையில் இரவு உடையோடு நிற்பவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கலாம் என்று அறை உதவியாளர் சொன்னார். அக்கா இந்த முறை பெட்டி கட்டும் முன்பே ஐந்து பேருக்கும் காலை உடையையும் செருப்பையும் நாற்காலியில் எடுத்து வைத்தாள். மருந்துப் பையை அத்தையின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். பெட்டிகளைத் தாங்களே உருட்டிக்கொண்டு முதலில் இறங்கும் வசதியும் இருக்கிறது. மதிய விமானம் பிடிப்பவர்களுக்கு அது நல்லது. வயதானவரோடு, நெரிசலான மின்தூக்கிகளில் ஐந்து பெட்டிகளோடு அதைச் செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம், பறிமுதல் செய்த பொருள்கள் திரும்பி வரும் நேரம். அவற்றை இறங்கும் காலையில், ரசீதைக் காட்டிய பிறகு தனி மேசையில் கொடுத்தார்கள். பெட்டிகளோ முந்தைய இரவே பூட்டிப் போய்விட்டன. கெட்டிலையும் ஸ்பைக் பஸ்டரையும் கத்தியையும் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். அன்று மாலை விமானம். கத்தியோடு கைப்பையில் போக முடியாது. முனைய மண்டபத்தின் ஓரத்தில் பச்சைப் பெட்டியைத் திறந்து, துணிகளை ஒதுக்கி இடம் செய்ய வேண்டியிருந்தது. ஒரு பொருள் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், கடைசி இரவில் ஏதாவதொரு பெட்டியின் மேல்பகுதியில் அதற்கான இடத்தைக் காலியாக விட்டுக் கட்டுங்கள்.

ஊர் திரும்பியதும் அத்தான் கப்பல் நிறுவனத்துக்கு விரிவான கடிதம் எழுதினார். பொருள்களை எடுத்துக்கொண்டது பற்றி அதில் ஒரு புகாரும் இல்லை. இணையப் பதிவின்போதே பயணியின் மருத்துவத் தேவைகளைக் கேட்டு வாங்குகிறீர்களே, அந்தத் தகவல் உள்ள அறையின் பெட்டி நிறுத்தப்பட்டால் உடனே அந்த அறைக்குத் தொலைபேசியில் சொல்வதில் என்ன தடை என்று மட்டும் கேட்டிருந்தார். பதிலில் ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள். தொலைபேசி பற்றிய கேள்விக்கு அதில் விடை இல்லை. அதே கேள்வியை, அத்தையின் மருத்துவர் சீட்டின் நகலையும் இணைத்து, மறுபடியும் அனுப்பியிருக்கிறோம்.